வளைவில் வெல்லும் இலேசான கார்

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் இழுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்தவர்களுக்கு ஒன்று கட்டாயம் நினைவிருக்கும். ரத வீதியின் நேரான பகுதியில், ஒருமுறை அசைந்து கொடுத்துவிட்டால் தேர் மளமளவென்று போய்விடும். மூலைக்கு வந்ததும்தான் சிக்கல். வடம் பிடித்தவர்கள் இடம் மாறி நிற்க வேண்டும். சக்கரத்தடியில் கட்டை கொடுப்பவர்கள் ஓடி ஓடி வேலை செய்ய வேண்டும். தேர் அங்குலம் அங்குலமாகத் திரும்பும். நேர் வீதியில் எடுத்துக்கொண்ட நேரத்தைவிட மூலை எடுத்துக்கொள்ளும் நேரமே சில சமயம் அதிகமாகிவிடும்.

அங்கிருந்து ராஜபாளையம் வட்டாரத்து ஆலங்குளத்துக்கு வாருங்கள். (தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் வேறு, இது 1970இல் அரசு சிமெண்ட் ஆலை தொடங்கிய ஆலங்குளம்.) சிமெண்ட் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று சாலை வளைவை நெருங்குவதைக் கவனியுங்கள். வளைவுக்கு வெகுமுன்பே ஓட்டுநர் கியரைக் குறைத்து, முனகிக்கொண்டே திரும்புவார். அதே வளைவில் சைக்கிளில் வரும் பள்ளிச் சிறுவன் மிதிப்பதைக்கூட நிறுத்தாமல் போய்விடுகிறான்.

"இதில் என்ன அதிசயம்? பாரமானது மெதுவாகத் திரும்பும், இலேசானது விரைவாகத் திரும்பும். அவ்வளவுதானே!" என்பீர்கள். அவசரப்படாதீர்கள். உங்கள் இயற்பியல் புத்தகத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டால், அது உங்களுக்கு எதிராகவே சாட்சி சொல்லும்! எப்படி என்று பார்க்குமுன், இந்தக் கேள்வியையே ஒரு விளையாட்டாக்கி வைத்திருக்கிறார்கள், அதைத் தெரிந்துகொள்வோம்.

கூம்புகளுக்கு இடையே ஓர் ஓட்டம்

அந்த விளையாட்டின் பெயர் ஆட்டோகிராஸ். கார்ப் பந்தயம் என்றதும் பத்து இருபது கார்கள் ஒன்றையொன்று முந்துவதுதான் நம் நினைவுக்கு வரும். ஆட்டோகிராஸில் அது கிடையாது. ஒரு திறந்த திடல். அதில் ரப்பர்க் கூம்புகளை வைத்து, வளைந்து வளைந்து போகும் பாதை ஒன்றை அமைப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும். கடிகாரம்தான் எதிராளி. அமெரிக்காவில் பெரிய வாகன நிறுத்துமிடங்களில் நடத்துகிறார்கள். பிரிட்டனில் புல்தரையிலும் மண்தரையிலும். நம் நாட்டில் பெரும்பாலும் மண் திடலில்.

கூம்பைத் தட்டிவிட்டால் தண்டனை உண்டு. கல்லூரி மாணவர்களுக்கான போட்டிகளில், விழுந்த ஒவ்வொரு கூம்புக்கும் 2 நொடி நேரத்தோடு கூட்டப்படுகிறது. அந்த விதிகளில் இன்னொன்றும் உண்டு: நேர்ப்பகுதி எதுவும் 80 மீட்டருக்கு மேல் நீளக் கூடாது. ஒரே வரிசையில் நட்ட கூம்புகளுக்கிடையே பாம்புபோல் நெளிந்து போகும் பகுதியில், கூம்புக்கும் கூம்புக்கும் 7.5 முதல் 12 மீட்டர்தான் இடைவெளி. ஆகவே மணிக்கு 150 கிலோமீட்டர் போகக்கூடிய காருக்கு இங்கே அந்த வேகத்தைக் காட்ட இடமே இல்லை. திருப்பு, நிறுத்து, கிளம்பு, மறுபடி திருப்பு. இதை யார் நன்றாகச் செய்கிறாரோ அவரே வெற்றி பெறுவார்.

இந்தத் திடலில் விலையுயர்ந்த பெரிய கார்களைத் திணறடிக்கும் ஒரு சின்னஞ்சிறு கார் உண்டு. கதவு இல்லை, கூரை இல்லை. சக்கரங்கள் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். ஓட்டுநர் கையைத் தொங்கவிட்டால் தரையைத் தொட்டுவிடலாம். மாட்டுவண்டிப் பட்டறையில் பாதியில் விட்ட வேலைபோல இருக்கும்! 1957இல் காலின் சாப்மன் என்ற ஆங்கிலப் பொறியாளர் உருவாக்கிய 'லோட்டஸ் செவன்' என்பதே அதன் மூலம். எடை 500 கிலோகிராமை ஒட்டித்தான். நம் அம்பாசடர் கார் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல்.

அந்தக் காரை விற்ற விதமும் வேடிக்கையானது. அன்று பிரிட்டனில் முழுக் காராக வாங்கினால் விற்பனை வரி உண்டு. பாகங்களாக வாங்கினால் அந்த வரி இல்லை. ஆகவே கார் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். வாங்கியவர் தம் வீட்டுக் கொட்டகையிலேயே பூட்டிக்கொள்வார். இப்படிப் பாகங்களாக வாங்கிப் பூட்டுவதற்குத்தான் 'கிட் கார்' என்று பெயர். பூட்டும் முறையை விளக்கும் புத்தகம் கூடவே தந்தால் வரி விழுமாம். அதனால் 'கழற்றும் முறை' என்று ஒரு புத்தகம் தந்தார்கள். வாங்கியவர் அதைக் கடைசியிலிருந்து முதலுக்குப் படித்துக்கொள்ள வேண்டியதுதான் என்று ஒரு கதை சொல்வார்கள். 1973இல் அங்கே வரிமுறை மாறியது. அதே ஆண்டில் அந்தக் காரைச் செய்யும் உரிமை கேட்டர்ஹாம் என்ற நிறுவனத்திடம் போனது. ஆனால் காரின் அமைப்பு அவ்வளவு எளிமையானதால், உலகெங்கும் சிறு பட்டறைகளும் தனி ஆட்களும் அதைப் பார்த்து நகல் கார்கள் செய்தார்கள், இன்றும் செய்கிறார்கள். ஒரு பழைய காரிலிருந்து எஞ்சின், கியர்பெட்டி, அச்சு ஆகியவற்றைக் கழற்றி எடுத்து, இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த சட்டத்தில் பொருத்திவிட்டால் கார் ஆயிற்று.

பழைய காரின் அதே எஞ்சின், அதே கியர்பெட்டி. அப்படியிருக்க, பழைய காரால் முடியாததை இந்த நகல் கார் எப்படிச் செய்கிறது?

புத்தகம் சொல்லும் சாட்சி

வட்டப் பாதையில் போகும் எந்தப் பொருளுக்கும் மையத்தை நோக்கி இழுக்கும் விசை ஒன்று வேண்டும் என்று படித்திருக்கிறீர்கள். கல்லைக் கயிற்றில் கட்டிச் சுழற்றும்போது அந்த விசையைக் கயிறு தருகிறது. காருக்குக் கயிறு ஏது? டயருக்கும் தரைக்கும் இடையிலுள்ள உராய்வுதான் கயிறு.

தேவையான விசை = நிறை × வேகம் × வேகம் ÷ வளைவின் ஆரம்.

கிடைக்கக்கூடிய உராய்வு = உராய்வுக் கெழு × நிறை × 9.8.

இரண்டும் சமமாகும் வேகம்தான் வழுக்காமல் திரும்பக்கூடிய உச்ச வேகம். சமன்பாட்டை எழுதிப் பாருங்கள். இரு பக்கமும் 'நிறை' இருக்கிறது, அடித்துவிடலாம்! மிஞ்சுவது: வேகத்தின் வர்க்கம் = உராய்வுக் கெழு × 9.8 × ஆரம்.

உலர்ந்த தார்ச்சாலையில் சாதாரண டயருக்குக் கெழு 0.8 என்று வைத்துக்கொள்வோம். வளைவின் ஆரம் 9 மீட்டர். 0.8 × 9.8 × 9 = 70.56. வர்க்கமூலம் 8.4. அதாவது நொடிக்கு 8.4 மீட்டர், மணிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். இது 500 கிலோ காருக்கும் இதே விடை, 1,100 கிலோ காருக்கும் இதே விடை. எடைக்கு இதில் வேலையே இல்லை!

தேர்வில் இப்படி எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் திடலில் கடிகாரம் வேறு விடை சொல்கிறது. கணக்கில் பிழை இல்லை. அப்படியானால், கணக்குப் போடுமுன் நாம் மனத்துக்குள் ஒப்புக்கொண்ட ஏதோ ஒன்றில்தான் பிழை இருக்க வேண்டும். அதைத் தேடுவோம்.

வளைவுக்கும் வளைவுக்கும் நடுவே

முதலில் எளிதானதைச் சொல்லிவிடுகிறேன். திடலில் வளைவு மட்டும் இல்லை. வளைவிலிருந்து வெளிவந்து அடுத்த வளைவுவரை வேகமெடுக்கும் துண்டுகளும் உண்டு. மாருதி 800 காரை எடுத்துக்கொள்ளுங்கள். 1983 முதல் 2014 வரை நம் நாட்டில் செய்த கார் அது. 796 கன சென்டிமீட்டர் எஞ்சின், சுமார் 37 குதிரைத்திறன், காரின் எடை ஏறத்தாழ 650 கிலோ. 60 கிலோ எடையுள்ள ஓட்டுநரோடு 710 கிலோ. அதே எஞ்சினை 400 கிலோ எடையுள்ள ஒரு குழாய்ச் சட்டக் காரில் பொருத்தினால், ஓட்டுநரோடு 460 கிலோ.

இரண்டும் நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வளைவிலிருந்து வெளிவந்து, 15 மீட்டர் வேகத்தை எட்ட வேண்டும். எஞ்சினின் முழுத் திறனும் சக்கரத்துக்கு வராது. சராசரியாக 20 கிலோவாட் வருகிறது என்போம். கூட்ட வேண்டிய இயக்க ஆற்றல் நிறையில் பாதி × (225 – 64). 460 கிலோ காருக்கு 37,030 ஜூல். 20,000ஆல் வகுத்தால் சுமார் 1.9 நொடி. 710 கிலோ காருக்கு 57,155 ஜூல், சுமார் 2.9 நொடி. ஒரே துண்டில் ஒரு நொடி வித்தியாசம்! அப்படி ஆறு துண்டுகள் இருந்தால் ஆறு நொடி. ஆட்டோகிராஸில் நொடியின் பத்தில் ஒரு பங்கில் வெற்றி தோல்வி தீர்மானமாவதுண்டு.

ஆனால் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. "பாரமான காருக்குப் பெரிய எஞ்சின் வைத்தால் போயிற்று!" உண்மைதான். நேர்ப்பகுதியில் இழந்ததை எஞ்சினால் ஈடுகட்டிவிடலாம். வளைவில் இழப்பதை ஈடுகட்ட முடிகிறதா என்பதுதான் சரியான கேள்வி.

ரப்பர் மரக்கட்டை அல்ல

பள்ளி ஆய்வுக்கூடத்தில் மரக்கட்டையை மேசைமேல் இழுத்து உராய்வுக் கெழு கண்டிருப்பீர்கள். கட்டைமேல் எடைக்கல்லை இரட்டித்தால் இழுக்கத் தேவையான விசையும் இரட்டிக்கும், கெழு மாறாது. அந்த விதியைத்தான் நாம் காருக்கும் பொருத்திவிட்டோம். ரப்பரோ அந்த விதிக்கு முழுக்கக் கட்டுப்படுவதில்லை.

ரப்பர் மென்மையானது. தரையின் மேடுபள்ளங்களில் அது பிதுங்கி நுழைந்து ஒட்டிக்கொள்கிறது. சுமை ஏற ஏற ஒட்டும் பரப்பு கூடுகிறது. ஆனால் சுமை கூடும் அதே விகிதத்தில் கூடுவதில்லை. ஏற்கெனவே பெரும்பாலும் நிரம்பிவிட்ட பள்ளங்களில் இன்னும் எவ்வளவு நுழைய முடியும்? பேருந்தில் கூட்டம் ஏறுவதை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் முப்பது பேருக்கு இடம் தாராளம். அதன் பிறகு ஏறும் ஒவ்வொருவரும் அரை ஆள் இடத்தில்தான் நிற்க வேண்டும்.

ஆகவே சுமை கூடினால் டயரின் மொத்தப் பிடிப்பு கூடும்; ஆனால் ஒரு கிலோ சுமைக்குக் கிடைக்கும் பிடிப்பு குறையும். புரிந்துகொள்வதற்காக நானே எண்களை வைத்துக்கொள்கிறேன். ஒரு டயர்மேல் 100 கிலோ சுமை இருந்தால் கெழு 0.9, 200 கிலோவுக்கு 0.85, 300 கிலோவுக்கு 0.8, 400 கிலோவுக்கு 0.75 என்று வைத்துக்கொள்வோம்.

500 கிலோ காரில் ஒவ்வொரு டயரும் 125 கிலோ சுமக்கிறது, கெழு 0.89 அளவில் இருக்கும். அதே டயர்கள் 1,100 கிலோ காரைச் சுமந்தால் டயருக்கு 275 கிலோ, கெழு 0.81தான். பார்த்தீர்களா? நாம் சமன்பாட்டில் 'நிறை'யை அடித்தபோது, அது உராய்வுக் கெழுவுக்குள் ஒளிந்துகொண்டு திரும்பி வந்துவிட்டது!

பெரிய காருக்கு அகலமான டயர் போடலாமே என்று கேட்பீர்கள். போடுகிறார்கள், கொஞ்சம் ஈடாகிறது. ஆனால் கதை இன்னும் முடியவில்லை.

ஓரத்துக்கு ஓடும் சுமை

பேருந்து இடப்பக்கம் திரும்பினால் நீங்கள் எந்தப் பக்கம் சாய்கிறீர்கள்? வலப்பக்கம். காரும் அப்படித்தான். திரும்பும்போது உட்பக்கச் சக்கரங்களிலிருந்து சுமை கழன்று வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது. எவ்வளவு மாறும் என்பது மூன்றைப் பொறுத்தது: காரின் எடை, அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் எவ்வளவு இடைவெளி.

நம் சின்னக் கார்: 500 கிலோ, ஈர்ப்பு மையம் 0.4 மீட்டர் உயரத்தில். சக்கர இடைவெளி 1.25 மீட்டர். புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.8 பங்கு அளவுக்குப் பக்கவாட்டு முடுக்கம் வரும்படி திரும்பினால், மாறும் சுமை 500 × 0.8 × 0.4 ÷ 1.25 = 128 கிலோ. காரின் எடையில் கால் பங்கு. உயரமான ஒரு கார்: 1,100 கிலோ, மைய உயரம் 0.6 மீட்டர், இடைவெளி 1.35 மீட்டர். மாறும் சுமை 391 கிலோ. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

"மாறினால் என்ன? ஒரு பக்கம் குறைந்தது மறுபக்கம் கூடிவிட்டதே!" மரக்கட்டைக்கு அது சரி. ரப்பருக்கு? மேலே வைத்துக்கொண்ட எண்களையே எடுங்கள். ஓர் அச்சின் இரு டயர்களும் ஆளுக்கு 200 கிலோ சுமந்தால், பிடிப்பு 170 + 170 = 340. இதில் 100 கிலோ இடம் மாறினால், உள் டயரில் 100, வெளி டயரில் 300. பிடிப்பு 90 + 240 = 330. இன்னும் 100 கிலோ மாறி உள் டயர் தரையிலிருந்து எழும்பிவிட்டால், வெளி டயர் தனியாகத் தருவது 300தான். மொத்த எடை மாறவில்லை. பிடிப்பு மட்டும் 340இலிருந்து 300க்கு இறங்கிவிட்டது.

செவன் காரும் அதன் நகல்களும் தரையோடு தரையாக இருப்பதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? கூரை இல்லாதது அழகுக்காக அல்ல. கூரைத் தகடு காரின் மிக உயரமான இடத்தில் இருக்கிறது. அங்கே ஒரு கிலோ குறைப்பது, தரையருகே ஒரு கிலோ குறைப்பதைவிட மேல்.

கம்பும் இரண்டு பாட்டில்களும்

கூம்புகளுக்கிடையே நெளியும் பகுதிக்கு வருவோம். இங்கே காரின் மூக்கை இடப்புறம் திருப்பிய மறுநொடியே வலப்புறம் திருப்ப வேண்டும். இதற்கு ஒரு சோதனையை வீட்டிலேயே செய்யலாம். ஒன்றே கால் மீட்டர் நீளமுள்ள ஒரு கம்பு, நீர் நிரப்பிய அரை லிட்டர் பாட்டில்கள் இரண்டு, கொஞ்சம் சணல். பாட்டில்களைக் கம்பின் நடுவிலிருந்து இரு பக்கமும் 10 சென்டிமீட்டரில் இறுகக் கட்டுங்கள். கம்பை நடுவில் பிடித்து, தரைக்குக் கிடையாக வைத்து, மணிக்கட்டை இப்படியும் அப்படியும் வேகமாகத் திருப்புங்கள். எளிதாகத் திரும்பும். பிறகு அதே பாட்டில்களை 50 சென்டிமீட்டரில் கட்டித் திருப்புங்கள். கம்பு உங்கள் பேச்சைக் கேட்காது! கிளப்புவதும் கடினம், கிளம்பியதை நிறுத்துவதும் கடினம். எடை அதேதான். தொலைவு 5 மடங்கு ஆனதால், திருப்பத்தை எதிர்க்கும் குணம் பாட்டில்களைப் பொறுத்தவரை 25 மடங்கு ஆகிவிட்டது. இதைத்தான் மேல்வகுப்பில் நிலைமத் திருப்புத்திறன் என்று படிப்பீர்கள்.

முன்கோடியில் எஞ்சினும் பின்கோடியில் பெட்டியுமாக நீண்டிருக்கும் கார், ஓரத்தில் பாட்டில் கட்டிய கம்பு. செவனில் எஞ்சின் முன்பக்கம்தான். ஆனால் முன் அச்சுக்குப் பின்னால், ஓட்டுநரின் கால்களுக்கருகே தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. ஓட்டுநர் பின் அச்சுக்குச் சற்று முன்னால் உட்காருகிறார். கனமானவை எல்லாம் நடுவில் நெருங்கி உட்கார்ந்துவிடுகின்றன.

இந்தக் கார் தோற்கும் இடமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமல்ல. நீண்ட நேர்ப்பாதையில் விட்டால் இது காற்றோடு மல்லுக்கட்டும். துருத்திய சக்கரங்களும் தட்டையான கண்ணாடியும் காற்றைக் கிழிப்பதில்லை, அடிக்கின்றன. மணிக்கு 50 கிலோமீட்டரில் அந்தத் தடை சிறிது. 150இல் அது 9 மடங்கு. கூம்புத் திடலில் கார் அவ்வளவு வேகத்தைத் தொடுவதே இல்லை என்பதால் பிழைத்துக்கொள்கிறது.

இலேசாக இருந்தால் ஒடிந்துவிடாதா?

நான்கு மூங்கில் பிளாச்சுகளைச் சதுரமாக, மூலைக்கு ஓர் ஆணி வீதம் அடித்து, ஒரு மூலையைத் தள்ளுங்கள். சதுரம் சரிந்துவிடும். குறுக்கே ஒரு பிளாச்சை மூலைக்கு மூலை அடியுங்கள். இப்போது அசையாது. நான்கு பிளாச்சுக்கு ஐந்தாவது ஒன்று சேர்த்ததில் எடை கொஞ்சம்தான் கூடியது. விறைப்போ எங்கேயோ போய்விட்டது. முக்கோணத்தின் பக்க நீளங்கள் மாறாதவரை அதன் வடிவம் மாறாது என்ற வடிவியல் உண்மைதான் இதற்குக் காரணம். ஆலைக் கொட்டகைகளின் கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டங்களில் முக்கோணங்களை எண்ணிப் பாருங்கள். குழாய்ச் சட்டக் காரும் அப்படியே: மெல்லிய குழாய்கள், எங்கு பார்த்தாலும் முக்கோணங்கள்.

கோவையில் நடந்தது

'இதெல்லாம் வெள்ளைக்காரர் விளையாட்டு' என்று எண்ணிவிடாதீர்கள். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. ஐம்பதுகளிலிருந்து பல பத்தாண்டுகள் அங்கே கார்ப் பந்தயங்கள் நடந்தன. பியட், அம்பாசடர், ஹெரால்டு என்று கிடைத்த கார்களை எல்லாம் இலேசாக்கி ஓட்டினார்கள். வெளிநாட்டுப் பந்தயக் காரை இறக்குமதி செய்வது பெரும் பணக்காரர்களுக்கே இயலும் காரியமாக இருந்த காலம் அது.

சோழவரத்தில் ஓட்டியவர்களில் ஒருவர் கோவை லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவரதன். உள்ளூரில் கிடைக்கும் பாகங்களைக் கொண்டே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்ய முடியும் என்று அவர் முடிவு செய்தார். எண்பதுகளின் இறுதியில் அவர் உருவாக்கிய 'ஃபார்முலா மாருதி'யில் இருந்தது சற்றுமுன் நாம் கணக்குப் போட்ட அதே 796 கன சென்டிமீட்டர் மாருதி எஞ்சின்தான். அது வளைய ஓடும் பந்தயத் தடத்துக்கான கார். செவனின் நகல் அல்ல. ஆனால் அடிப்படை ஒன்றே: தெருவில் ஓடும் காரின் எஞ்சினை எடு, இலேசான சட்டத்தில் வை, ஓட்டுநரைத் தரையருகே உட்கார வை. நாற்பதுக்கும் குறைந்த குதிரைத்திறனில் பந்தயமா என்று கேட்டவர்களுக்குக் காரின் எடையே பதில்.

அந்தக் காரின் விலை எட்டக்கூடியதாக இருந்ததால் பல இளைஞர்களுக்கு வழி திறந்தது. கோவையைச் சேர்ந்த நாராயண் கார்த்திகேயன் தம் முதல் பந்தயத்தை ஓட்டியது ஃபார்முலா மாருதியில்தான். 2005இல் அவர் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். அதைக் காண கரிவரதன் இல்லை. 1995இல் விமான விபத்தில் இறந்துவிட்டார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட பந்தயத் தடத்துக்குக் 'கரி' என்றே பெயர்.

அந்தத் தடத்தில்தான் 'ஃபார்முலா பாரத்' என்ற பொறியியல் மாணவர் போட்டி நடந்து வருகிறது. மாணவர்கள் காரைத் தாங்களே வடிவமைத்து, தாங்களே செய்து, கொண்டுவந்து ஓட்ட வேண்டும். அதில் ஒரு பிரிவு ஆட்டோகிராஸ்! எஞ்சின் 710 கன சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. அதுமட்டுமல்ல; பெட்ரோல் எஞ்சின் மூச்சு வாங்கும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே துளை வழியாகத்தான் போக வேண்டும். சுண்டுவிரல் புகும் ஓட்டைக்குக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். மூச்சைப் பிடித்துவிட்டதால், எஞ்சினைக் கொண்டு எடையை ஈடுகட்டும் தந்திரம் இங்கே பலிக்காது. ஆகவே மாணவர்கள் ஒவ்வொரு கிராமுக்கும் கணக்குப் பார்க்கிறார்கள். பல கார்கள் 200, 250 கிலோவுக்குள் முடிந்துவிடுகின்றன. அம்பாசடரில் 25 கிலோ அரிசி மூட்டையை வைத்தால் ஓட்டுபவருக்கே தெரியாது. இந்தக் காரில் அது பத்தில் ஒரு பங்கு எடை.

கவிழும் வேகம்

ஆலங்குளத்து லாரியை நாம் வளைவிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். அதற்கு எடை மட்டுமே கவலையா?

ஒரு வண்டி வழுக்குமா, கவிழுமா என்பதைச் சொல்ல ஓர் எளிய எண் உண்டு. சக்கர இடைவெளியில் பாதியை ஈர்ப்பு மைய உயரத்தால் வகுங்கள். அந்த எண் உராய்வுக் கெழுவைவிடப் பெரிதாக இருந்தால் வண்டி முதலில் வழுக்கும். சிறிதாக இருந்தால், வழுக்குவதற்கு முன்பே கவிழும். நம் சின்னக் காருக்கு 0.625 ÷ 0.4 = 1.56. ஆகவே அது சமதரையில் வழுக்குமே தவிரக் கவிழாது. ராஜபாளையம் மில்லுக்குப் பஞ்சுப் பொதியை உயர உயர அடுக்கி வரும் லாரிக்கு இடைவெளி 2 மீட்டர், மைய உயரமும் 2 மீட்டர் என்போம். எண் 0.5. கெழு 0.8 இருக்கும்போதே அது கவிழ்ந்துவிடும். 20 மீட்டர் ஆரமுள்ள வளைவில் அந்த வேகம் என்ன? 0.5 × 9.8 × 20 = 98; வர்க்கமூலம் 9.9, மணிக்கு 36 கிலோமீட்டர்கூட இல்லை. வில்தகடுகள் அமுங்கி லாரி சாய்வதையும், கட்டுத் தளர்ந்து பொதி நகர்வதையும் சேர்த்தால் இன்னும் குறைவு. அதே எடைக்குச் சிமெண்ட் மூட்டை ஏற்றினால் அடுக்கு தாழ்ந்திருக்கும், எண் பெரிதாகும். ஒரே எடை, வேறு உயரம்! வைக்கோல் வண்டி கண்மாய்க் கரைத் திருப்பத்தில் சாய்ந்ததைச் சிறுவயதில் நான் பார்த்திருக்கிறேன். மாடுகள் நடந்துதான் போய்க்கொண்டிருந்தன.

சின்னக் கார் கவிழாது என்றேனே, அதனால் அது பத்திரமானது என்று எண்ண வேண்டாம். சாலையில் ஒரு லாரியோடு மோதினால், உந்தம் மாறாமல் இருக்க வேண்டும் என்ற விதிப்படி வேக மாற்றம் முழுவதும் ஏறத்தாழ இலேசான வண்டியின் தலையில்தான் விழும். கதவு இல்லை, கூரை இல்லை. வழுக்கிப் போய்ப் பக்கவாட்டில் ஒரு மேட்டில் இடித்தால் அதுவும் உருளக்கூடும். அதனால்தான் ஓட்டுநரின் தலைக்குமேல் வளைந்த இரும்புக் குழாய், தலைக்கவசம், இடுப்பையும் தோள்களையும் இறுக்கும் பட்டை எல்லாம் வேண்டும். வண்டியை அதன் பதிவில் குறித்ததிலிருந்து மாறுபடும்படி மாற்றக் கூடாது என்று நம் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. பட்டறையில் செய்த காரை நினைத்தபடி சாலையில் ஓட்ட வழியில்லை. அதன் இடம், வேலி போட்ட திடல்.

உங்களுக்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளி மைதானத்தில் 3 மீட்டருக்கு ஒன்றாக எட்டுச் செங்கற்களை நேர்வரிசையில் வையுங்கள். சைக்கிளில் அவற்றுக்கிடையே நெளிந்து போய்த் திரும்பி வாருங்கள். நண்பர் ஒருவர் கடிகாரம் பார்க்கட்டும். தட்டிவிட்ட செங்கல்லுக்கு 2 நொடி தண்டனை. சைக்கிள் சாய்ந்தே திரும்புவதால், ஓரத்துக்குச் சுமை ஓடும் கதை அதற்குப் பொருந்தாது. ஆனால் எடை எங்கே இருக்கிறது என்ற கேள்வி பொருந்தும். முதலில் வெறும் சைக்கிள். அடுத்து, புத்தகப் பையைப் பின்கேரியரில் கட்டி ஓட்டுங்கள். மூன்றாவதாக அதே பையை நடுச்சட்டத்தில், இருக்கைக்குக் கீழே மிதிகட்டையில் இடிக்காதபடி கட்டி ஓட்டுங்கள். ஒவ்வொன்றையும் ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள். முதல் இரண்டு ஓட்டங்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்; அவை பழக்கத்துக்கு. ஒருவரே எல்லாவற்றையும் ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது பையின் இடத்தை அல்ல, ஓட்டுபவரின் திறமையை!